நம்பி மலைக்கு ஒரு நாள் நடை: நிதானமாகச் சென்று திரும்பும் முறை

திருக்குறுங்குடியிலிருந்து மலைநம்பி கோயிலுக்குப் போகும் காட்டுப் பாதையில் நான் பல ஆண்டுகள் தலை நிமிராமல் ஏறியிருக்கிறேன். காலையில் கிளம்புவது, மூச்சு வாங்க ஏறுவது, ஆற்றில் குளித்துப் பெருமாளைச் சேவிப்பது, மதியத்துக்குள் இறங்கிவிடுவது என்பதே எங்கள் வீட்டு வழக்கம். ஒரு தை மாதத்தில் முழங்கால் வலியின் காரணமாக வேகமாக நடக்க முடியாமல், நூறு அடிக்கு ஒரு முறை நின்று நின்று ஏற வேண்டியிருந்தது. அன்று ஒரே பகலில் மலையணிலையும், கருமந்திக் கூட்டத்தையும், தண்ணீர் குடிக்க இறங்கிய ஒரு மிளாவையும் (கடமான்) கண்டேன். முந்தைய நடைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இவ்வளவு கண்டதில்லை. அதன் பிறகு வலி தீர்ந்தும் நான் வேகத்தைக் கூட்டவில்லை. அந்தப் பாதையில் ஒரு முழுப் பகலைச் செலவிட விரும்புகிறவர்களுக்கு, எப்போது போவது, என்ன எடுத்துக்கொள்வது, எப்படி நடப்பது, எங்கே எச்சரிக்கையாக இருப்பது என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். இது கோயிலுக்குப் போகும் வழிதான் என்றாலும், வழி முழுவதும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த காடு. 1962-இல் அமைந்த முண்டந்துறை சரணாலயத்தையும், சிங்கவால் குரங்கைக் காப்பதற்காக 1976-இல் அமைந்த களக்காடு சரணாலயத்தையும் இணைத்து 1988-இல் உருவான இக்காப்பகமே தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆகும். இதன் பரப்பு சுமார் 895 சதுர கிலோமீட்டர். ஆகவே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்கே ஒவ்வோர் அடிக்கும் பொருந்தும். அடிவாரத்தில் உள்ள வனத்துறைச் சோதனைச் சாவடியில் அனுமதி பெற்றே உள்ளே செல்ல வேண்டும். பாதையை விட்டு விலகுவதற்கோ, தீ மூட்டுவதற்கோ, இரவில் தங்குவதற்கோ அனுமதி கிடையாது. பலத்த மழை, காட்டுத்தீ அபாயம், விலங்குகள் கணக்கெடுப்பு ஆகிய காரணங்களால் சில நாள்களில் பாதையை மூடிவிடுவார்கள் என்பதால், முந்தைய நாளே ஊரில் யாரிடமாவது விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. வந்த பிறகு சாவடியில் நின்று வாதாடுவதில் பயனில்லை. அங்கே நிற்கும் வாட்சரும் வேட்டைத் தடுப்புக் காவலரும் அந்தக் காட்டை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள்.

காலம் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். குற்றாலத்தில் சாரல் விழுகிற ஆனி, ஆடி மாதங்களில் இங்கும் மழை இருக்கும் என்று எண்ணி வருகிறார்கள். குற்றாலத்துக்குச் செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று மழையைக் கொண்டுவந்து சேர்க்கிறது. திருக்குறுங்குடிப் பக்கத்து மலையோ மகேந்திரகிரித் தொடரின் கிழக்குச் சரிவு. ஆடியில் உச்சியில் மேகம் கவிழ்ந்திருந்தாலும் அடிவாரத்துக்குப் பெரும்பாலும் காற்றுதான் வந்து சேரும். ஆரல்வாய்மொழி, பணகுடிப் பக்கத்தில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே ஆடிக்காற்று இங்கே மரக்கிளைகளை முறித்துப் பாதையில் போடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நேரடியாக இந்தச் சரிவில் விழுவதால் நம்பியாறு எந்த நேரத்திலும் பெருகலாம். அப்போது போகவே கூடாது. பங்குனி, சித்திரையில் அடிக்காடு காய்ந்து சருகாகி, ஒரு பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும் நிலையில் இருக்கும். இவற்றை எல்லாம் கழித்துப் பார்த்தால் மார்கழியின் கடைசியிலிருந்து மாசி முடிய உள்ள காலமே என் கணக்கில் சிறந்தது. ஆற்றில் தெளிந்த நீர் ஓடும், அட்டைகள் குறைந்திருக்கும், காலை வெயில் உடம்புக்கு இதமாக இருக்கும். சனிக்கிழமைகளில், குறிப்பாகப் புரட்டாசியில், பக்தர்கள் பெருங்கூட்டமாக வருவார்கள். அன்று வந்தால் பெருமாளைச் சேவிக்கலாம், ஆனால் காட்டைப் பார்க்க முடியாது. வாரத்தின் நடுவில் ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரி, ஏர்வாடி வழியாகத் திருக்குறுங்குடிக்கு வரலாம். களக்காட்டிலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் பேருந்துகள் உண்டு. தொடர்வண்டியில் வருகிறவர்களுக்கு நாங்குநேரியும் வள்ளியூரும் பக்கத்து நிலையங்கள். ஊரிலிருந்து கோயில் வரை ஜீப்புகளும் போகின்றன. முழுத் தொலைவும் நடக்க இயலாத பெரியவர்கள் உடன் இருந்தால், அவர்களை ஜீப்பில் ஏற்றி மேலே அனுப்பிவிட்டு மற்றவர்கள் நடந்து சேரலாம்.

நேரக் கணக்கில் ஒரு முக்கியமான செய்தி உண்டு. மலை நமக்கு மேற்கே இருக்கிறது. காலையில் கிழக்கிலிருந்து வரும் வெயில் சரிவு முழுவதையும் வெளிச்சமாக்கும். பிற்பகலிலோ சூரியன் மலைமுகட்டின் பின்னால் இறங்கிவிடுவதால், ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே காட்டுக்குள் மசங்கல் வந்துவிடும். கீழ்வானத்தின் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் இருக்கிறது என்று நம்பினால் இருட்டில் இறங்க நேரும். சாவடி திறந்தவுடன் நடையைத் தொடங்கி, மேலே ஏற மூன்று மணி நேரத்தையும், ஆற்றங்கரையிலும் கோயிலிலும் இரண்டு மணி நேரத்தையும் ஒதுக்கி, பிற்பகல் ஒன்றரை மணிக்குள் இறங்கத் தொடங்குவதே சரியான திட்டம்.

உடையில் ஆடம்பரம் வேண்டாம். காய்ந்த இலை, மண், பாசி ஆகியவற்றின் நிறத்தில் முழுக்கைச் சட்டையும் முழுக்கால் உடையும் போதும். பளீரென்ற சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் பறவைகளைத் தூரத்திலேயே விலக்கிவிடும். நறுமணத் தைலங்களைப் பூசிக்கொள்ளாதீர்கள். ரப்பர் செருப்பு ஆற்றுப் பாறையில் வழுக்கும் என்பதால், அடியில் நல்ல பிடிமானம் உள்ள கான்வாஸ் காலணி வேண்டும். ஊன்றுகோலை வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும். காட்டில் ஒரு குச்சியைக்கூட ஒடிக்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. புலிகள் காப்பகத்தில் அதைக் கூடுதல் கண்டிப்புடன் பார்க்கிறார்கள்.

சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறே ஏற்றது. புளியோதரையையோ எலுமிச்சைச் சாதத்தையோ வாட்டிய வாழையிலையில் கட்டி, உடன் காணத் (கொள்ளுத்) துவையல் வைத்துக்கொண்டால் மாலை வரை கெடாது, பாத்திரச் சுமையும் இல்லை. ஏறும்போது களைப்பு வந்தால் ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டியும் ஒரு கை வறுத்த நிலக்கடலையும் போதும். இவை அனைத்தையும் மூடி இறுக்கமாக உள்ள டப்பாவிலும் துணிப்பையிலும் வைத்து, வாழைப்பழச் சீப்பைக் கையில் தொங்கவிட்டுப் போகும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நாட்டுக்குரங்குகளுக்கு நம் கையில் உணவு இருக்கிறது என்பதைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே. ஒருவர் அன்போடு கொடுத்த பழத்தினால், அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து குரங்கு பையைப் பிடுங்குகிறது, கடிக்கவும் செய்கிறது.

இனி நடக்கும் முறை. நால்வர் அல்லது ஐவர் கொண்ட குழுவே காட்டுக்கு ஏற்றது. ஒருவர்பின் ஒருவராகச் செல்ல வேண்டும். குழுவில் மிக மெதுவாக நடப்பவர் முன்னால் நடக்கட்டும். பின்னால் வருபவர்கள் அவருடைய வேகத்துக்குத் தம்மைப் பழக்கிக்கொள்ள வேண்டும். ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிற வேகமே நடைக்குரிய வேகம். இருபது நிமிடம் நடந்தால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் பேச்சில்லாமல், அசைவில்லாமல், பாதையோரத்தில் ஒரு மரத்தில் சாய்ந்தபடி நிற்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் எதுவும் நடக்காது. நாம் வந்த சத்தத்தில் ஒடுங்கியவை இன்னும் ஒடுங்கியே இருக்கும். மூன்றாவது நிமிடத்தில் சின்னக் குக்குறுவான் எங்கோ உயரத்தில் குரலெடுக்கும். பிறகு சருகு சலசலக்கும். அதன்பின் சிட்டுகளும் ஈப்பிடிப்பான்களும் மரங்கொத்திகளும் துடுப்புவால் கரிச்சானுமாக, பல இனம் கலந்த ஒரு கூட்டம் தலைக்கு மேலே கிளைகிளையாக இரை தேடிக்கொண்டு கடந்து போகும். இரண்டு நிமிடத்தில் கிளம்பியவர்கள் இதைக் கண்டிருக்க மாட்டார்கள்.

நிற்பதற்கான இடத்தையும் அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஆறு வளையும் இடமும், காய்த்து நிற்கும் அத்தி, ஆல மரங்களின் அடியும் மிக நல்லவை. காட்டில் மற்ற மரங்கள் காய்க்காத நாளிலும் அத்தியினத்தில் ஏதேனும் ஒன்று பழுத்திருக்கும் என்பதால், பச்சைப்புறாவும் குக்குறுவானும் மலையணிலும் மந்தியும் அதைத் தேடி வரும். தரையில் கடித்துப் போட்ட காய்கள் புதிதாகக் கிடந்தால் அண்ணாந்து பாருங்கள், தின்றவர் இன்னும் மேலேயே இருக்கக்கூடும்.

பாதை ஏற ஏறக் காடு மாறுவதையும் கவனிக்கலாம். அடிவாரத்தில் உடைமரமும் கள்ளியும் முள்புதருமாக இருக்கும் நிலம், சற்று உயரத்தில் இலையுதிர் மரங்களுக்கு இடம் கொடுக்கிறது. வேங்கை பூத்திருக்கும் நாளில் அதன் மஞ்சள் பூ உதிர்ந்து கிடக்கும் கரும்பாறையைப் பார்த்தால், பழந்தமிழ்ப் புலவர்கள் அதைப் புலிக்குட்டி என்று ஏன் பாடினார்கள் என்பது விளங்கும். ஆற்றோரத்தில் மட்டும் காடு வேறு வகையானது: வெளிறிய, உரிந்த பட்டையுடன் நீர்மருது நிற்கும், நாவலும் புங்கும் தண்ணீரின் மேல் கவிந்திருக்கும். சீகாரப் பூங்குருவியைக் கேட்க வேண்டுமானால் இந்த ஆற்றோரத்தில்தான் காத்திருக்க வேண்டும். மாடு மேய்க்கும் பையன் எதையோ நினைத்துக்கொண்டு, ராகம் எதிலும் நிலைக்காமல் சீட்டியடிப்பதைப் போலிருக்கும் அதன் குரல்.

காலை ஒன்பது மணிக்கு மேல், வெயில் படும் ஈர மணல் திட்டு ஒன்றைக் கண்டால் அங்கே உட்கார்ந்துவிடுங்கள். வண்ணத்துப்பூச்சிகள் இருபது முப்பதாக மணலில் இறங்கி, சிறகை மூடி, சுருட்டி வைத்திருந்த உறிஞ்சுகுழலை நீட்டி மணலின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். இவற்றில் பெரும்பாலானவை ஆண் பூச்சிகள். தேனில் கிடைக்காத உப்பையும் தாதுக்களையும் இவ்வாறு மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அருகில் குனிந்து பார்த்தால், ஒரு பூச்சி முன்னால் உறிஞ்சிய நீரைப் பின்னால் துளித்துளியாகச் சொட்டவிடுவதைக் காணலாம், அதாவது நீரைக் கழித்துவிட்டு உப்பை மட்டும் உடலில் தங்கவைக்கிறது. நம் நிழல் அவற்றின் மேல் விழாதபடி அமர்ந்தால் கால்மணி நேரம்கூடப் பறக்காமல் இருக்கும். 2019-இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளுக்கு உரியதுதான். ஆரஞ்சு நிறச் சிறகின் ஓரத்தில் கருங்கோடுகள் தெரிந்தால் கூர்ந்து பாருங்கள்.

மௌனமாக நடப்பதைச் சொன்னேன். அதற்கு ஒரு விலக்கும் உண்டு. புதர் அடர்ந்து முன்னே தெரியாத வளைவுகளிலும், ஆற்றின் இரைச்சல் மற்ற ஓசைகளை மூடிவிடும் இடங்களிலும் கொஞ்சம் குரல் கொடுத்துக்கொண்டு, கோலைத் தரையில் தட்டிக்கொண்டு போக வேண்டும். காரணம் கரடி. களக்காட்டிலிருந்து கடையம் வரை மலையோரத்து ஊர்களில் வாழ்கிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கரடி ஆளைத் தேடி வருவதில்லை. மிக அருகில் திடீரென்று எதிர்ப்பட்டுத் திகைக்கும்போதுதான் பாய்கிறது. தூரத்திலேயே நம் வரவை அறிந்தால் தானே விலகிவிடும். கறையான் புற்றுப் புதிதாகக் குடையப்பட்டு ஈரமண் சிதறிக் கிடந்தால் கரடி சற்று முன்புதான் அங்கே இருந்தது என்று கொள்ளலாம்.

பாதையில் யானையின் லத்தி (சாணம்) கிடந்தால் அதைப் பார்த்து நிலைமையை மதிப்பிடலாம். ஈரமும் பளபளப்பும் பசுமையும் மாறாமல் இருந்தால் மேலே செல்ல வேண்டாம். வெளிறிக் காய்ந்து, உதிரும் நாராகி இருந்தால் பழையது. கிளை முறியும் ஓசை கேட்டால் குழு முழுவதும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். ஒரு பிடி புழுதியைத் தூவிக் காற்று எத்திசையில் போகிறது என்று பார்த்து, வந்த வழியே ஓசையில்லாமல் திரும்ப வேண்டும். கைப்பேசியில் படம் எடுக்க இரண்டடி முன்னே போவது பெரும் தவறு. மேலே மரத்தில் கருமந்தி கனத்த குரலில் எச்சரித்தாலும், மிளா ஒற்றைக் குரலில் உரக்க அலறினாலும், அவை நமக்குத் தெரியாத ஒன்றைக் கண்டிருக்கின்றன என்று கொண்டு நின்று கேளுங்கள்.

கோயிலுக்குக் கீழே ஆற்றில் குளிப்பது இந்த நடையின் பெரும் சுகம். சோப்பும் ஷாம்பும் எண்ணெயும் சீயக்காயும் வேண்டாம். இந்த நீர்தான் கீழே நாங்குநேரி, இராதாபுரம் பக்கத்துக் குளங்களை நிரப்புகிறது. உடுத்திய துணியை ஆற்றில் விடும் வழக்கத்தால் பாபநாசத்தில் தாமிரபரணி படும் பாட்டைப் பார்த்தவர்கள் அதை இங்கே தொடங்கிவைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஆறு பெருகும் குறிகளை இறங்கும் முன்பே குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள். நம் தலைக்கு மேல் வெயில் இருந்தாலும் மகேந்திரகிரியின் உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தெளிந்த நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்து, ஓசை கனத்தால், துணியை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும். கடந்து வந்த ஓடையை அந்த நிலையில் திரும்பக் கடக்க முயலாமல், நீர் வடியும் வரை கோயில் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இறங்கும்போது முழங்கால் பலவீனப்படுவதால் ஏறும்போதைவிட அதிகக் கவனம் தேவை. சின்ன அடிகளாக வைத்து, கோலை முன்னே ஊன்றி இறங்குங்கள். சாவடியில் திரும்பும் நேரமாக எதைச் சொன்னீர்களோ அதற்குள் வந்து, வந்துவிட்டோம் என்று தெரிவித்துவிட்டுப் போங்கள். பிரம்மராட்சசனிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்ற உயிரைக் கொடுக்கத் திரும்பி வந்த நம்பாடுவானின் ஊர் இது. நாம் சொல்லாமல் பேருந்து ஏறிவிட்டால், அந்தக் காவலர்கள் நமக்காக இருட்டில் தேடப் போவார்கள்.

அட்டை கடித்திருந்தால் பிய்த்து எறியாமல், நகத்தை அதன் வாயடியில் நுழைத்துத் தள்ளிவிட்டுக் காயத்தைக் கழுவினால் போதும். இரத்தம் உறையாதிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் சிறிது நேரம் கசியத்தான் செய்யும், அஞ்ச வேண்டியதில்லை. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதையும் செய்யாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல், கை அல்லது காலை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கைப்பேசியில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு என்பதால், ஒருவர் விரைந்து சாவடிக்குச் செல்ல ஆள் இருக்கும்படி குழுவை அமைத்துக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வந்தவுடன் உடுப்பைத் தனியே கழற்றி வெந்நீரில் ஊறவைத்து, உடம்பைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் குளித்து, அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். என் சித்தப்பா மகனுக்கு ஒரு நடை முடிந்து பத்து நாள் கழித்துக் கடுங்காய்ச்சலும் தலைவலியும் வந்தன. சாதாரணக் காய்ச்சல் என்று நான்கு நாள் மாத்திரை சாப்பிட்டும் தணியவில்லை. ஐந்தாம் நாள் அவன் அம்மாதான் இடுப்பில், வேட்டி கட்டும் இடத்தில், பீடியால் சுட்டது போல ஒரு கருத்த பொருக்கைக் கண்டுபிடித்தார். அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய பூச்சி கடித்த தடம். வந்திருந்தது ஸ்கிரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல். டாக்சிசைக்ளின் கொடுத்த இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆகவே நடை முடிந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும், எந்தத் தேதியில் எந்தக் காட்டுக்குப் போய்வந்தீர்கள் என்பதை நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள்.